நண்பரைப் படர்க்கையில் விவரித்தல்: ஆங்கிலப் பேச்சுத் தேர்வும் தமிழின் நட்புச் சொற்களும்

1. தேர்வறையும் தெருவும்

பெங்களூருவில் மல்லேசுவரத்துக்கும் ராஜாஜிநகருக்கும் இடையே அமைந்துள்ள ஸ்ரீராம்புரம், தமிழர் செறிந்து வாழும் பழைய குடியிருப்புகளுள் ஒன்றாகும். ஆலைத் தொழிலையும் பிற உடலுழைப்புத் தொழில்களையும் நாடி வந்த குடும்பங்கள் இங்குத் தலைமுறைகளாக வேர்கொண்டுள்ளன. வீட்டில் தமிழும், தெருவிலும் அலுவலகத்திலும் கன்னடமும், கடைவீதியில் தக்கனி உருதும், பள்ளியில் ஆங்கிலமும் வழங்கும் இத்தகைய பகுதியில் வளரும் ஒருவருக்கு மொழி மாற்றிப் பேசுதல் இளமையிலேயே கைவந்துவிடும். எனினும் அவர் வெளிநாட்டுப் பணிக்கோ உயர்கல்விக்கோ முயன்று ஆங்கிலப் பேச்சுத் தேர்வை எதிர்கொள்ளும்போது, மிக எளியதாகத் தோன்றும் ஒரு பொருளில் தடுமாறக்கூடும். அப்பொருள் நட்பு.

தடுமாற்றத்துக்குக் காரணம் ஆங்கிலச் சொற்பற்றாக்குறை எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. அது முழு உண்மையன்று. தமிழில் நட்பு உணர்த்தப்படும் முறை வேறு. தேர்வு எதிர்பார்க்கும் முறை வேறு. தமிழ் பெரும்பாலும் நண்பனை விளித்தே நட்பைக் காட்டுகிறது. தேர்வோ அந்நண்பனை அறிமுகமற்ற ஒருவரிடம் படர்க்கையில் விவரிக்கச் சொல்கிறது. இவ்வேறுபாடும் அதன் விளைவுகளும் இங்கு விளக்கப்படுகின்றன. கீழே காட்டப்படும் தேர்வர் கூற்றுகள் விளக்கத்துக்காக அமைத்துக்கொள்ளப்பட்டவை. அவற்றிலுள்ள தொடரமைப்புகள் தென்னிந்திய ஆங்கிலத்தில் பரவலாக வழங்குவன.

ஐயெல்ட்ஸ் தேர்வை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 1989இல் இப்பெயரில் தொடங்கப்பெற்ற இத்தேர்வின் பேச்சுப் பகுதி, 2001இல் இன்றுள்ள மூன்று பகுதி அமைப்பைப் பெற்றது. 11 முதல் 14 நிமிடங்கள் வரை நேருரையாடலாக நடைபெறும் இதன் நடுப்பகுதியே இங்கு முதன்மையானது. தேர்வரிடம் ஓர் அட்டை தரப்படும். சிந்தித்துக் குறிப்பெடுக்க 1 நிமிடம். பின்னர் 1 முதல் 2 நிமிடம் வரை இடையீடின்றித் தனியுரை. நண்பர் ஒருவரை விவரிக்கச் சொல்லும் அட்டை எனில், அவர் யார், எப்போது எவ்வாறு அறிமுகமானார், இருவரும் சேர்ந்து என்ன செய்வர், அவர் ஏன் முக்கியமானவர் என்பன போன்ற குறிப்புகள் அதில் இடம்பெறும். சரளமும் தொடர்ச்சியும், சொல்வளம், இலக்கண வீச்சும் பிழையின்மையும், ஒலிப்பு ஆகிய நான்கும் சமமாக மதிப்பிடப்படும். கூறிய செய்தி உண்மையா என்பது மதிப்பீட்டில் சேராது.

இதன் விளைவு சிறியதன்று. பிரிட்டனின் செவிலியர் பதிவுக் குழுமம் இத்தேர்வின் பேச்சுப் பகுதியில் 7 என்னும் மதிப்பெண்ணை வேண்டுகிறது. அரைப் புள்ளி குறைந்தால் ஒரு செவிலியரின் பதிவு தள்ளிப்போகும். நண்பனைப் பற்றிய இரண்டு நிமிடப் பேச்சு ஒரு குடும்பத்தின் வருவாயோடு பிணைந்திருப்பது இவ்வாறுதான்.

2. விளியில் வாழும் நட்பு

தமிழில் ஒருவர் மற்றொருவரின் நண்பர் என்பதை அறியப் பெயர்ச்சொல் தேவையில்லை. 'நீங்கள்' என்பது 'நீ' ஆனதும், 'வாங்க' என்பது 'வாடா' ஆனதும் உறவு மாறிவிட்டதைக் கேட்போர் உணர்வர். 'அவனும் நானும் வாடா போடான்னு பேசிக்கிற அளவுக்குப் பழக்கம்' என்னும் தொடர் நட்பின் ஆழத்தை அளக்கும் அளவுகோலாகவே வழங்குகிறது. இங்கு அளக்கப்படுவது உணர்ச்சியன்று, விளிக்கும் உரிமை.

முன்னிலைப் பெயர்கள் அதிகாரத்தையும் நெருக்கத்தையும் குறிக்கும் பாங்கினை ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் ஆகியோர் 1960இல் வெளியிட்ட கட்டுரை ஐரோப்பிய மொழிகளைக் கொண்டு விளக்கியது. பெனலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் மொழிப் பணிவு பற்றி வெளியிட்ட ஆய்வில் ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால் மொழி ஆகியவற்றோடு கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர்த் தமிழும் சான்றாயிற்று. 'நம்மவன்' என்பதைக் காட்டும் விளிச்சொற்களை அவ்வாய்வு பணிவின் ஒரு கூறாகவே கொண்டது. 'டா' என்னும் விகுதி இழிவையும் தரும், அணைப்பையும் தரும் என்பது தமிழர்க்குப் புதிதன்று. இளம்பெண்கள் தமக்குள் 'டி' என்பதோடு 'டா' என்பதையும் அன்பின் குறியாக வழங்குவது இன்று நகரங்களில் இயல்பாகியுள்ளது.

இவை அனைத்தும் முன்னிலையில் நிகழ்வன. தேர்வறையில் நண்பன் இல்லை. எதிரே இருப்பவர் தேர்வாளர். அவரை 'டா' எனல் இயலாது. நண்பனை 'டா' என விளிப்பதை ஆங்கிலத்தில் காட்டவும் வழியில்லை. ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றே. தமிழ் தந்த முதன்மைக் கருவி பறிக்கப்பட்ட நிலையில் தேர்வர் பெயரடைகளை நாடுகிறார்: 'கைண்ட்', 'கேரிங்', 'ஜோவியல்', 'ஹெல்பிங் டெண்டன்ஸி' உடையவர். இறுதியில் உள்ளது 'உதவும் மனப்பான்மை' என்பதன் நேர்பெயர்ப்பு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் அவ்வாறு கூறுவதில்லை. இப்பட்டியல் முப்பது நொடியில் தீர்ந்துவிடும். எஞ்சிய ஒன்றரை நிமிடத்துக்குச் சொல்வதற்கு ஒன்றும் இராது. பயிற்சி நிலையங்கள் பல இவ்விடைவெளியை மனப்பாடத்தால் நிரப்புகின்றன. மனப்பாடப் பேச்சின் ஏற்ற இறக்கம் தேர்வாளருக்கு விரைவில் புலப்பட்டுவிடும் என்பதால் இது மருந்தாவதில்லை.

3. மச்சானின் பயணம்

விளிச்சொற்களுள் தனியே நோக்கத் தக்கது 'மச்சான்'. மாமன் மகன், அத்தை மகன், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளின் கணவன் ஆகியோரைக் குறிக்கும் இவ்வுறவுச்சொல், நண்பனை விளிக்கும் சொல்லாகப் பரவியுள்ளது. பெங்களூருவில் இது 'மச்சா' என ஈறு குறைந்து, தமிழறியாத கன்னட இளைஞரும் ஆங்கிலம் பேசுவோரும் வழங்கும் நகரச் சொல்லாகிவிட்டது. மகனைக் குறிக்கும் கன்னடச் சொல்லான 'மக' என்பதும், 'குரு' என்பதும் அங்கு இதே பணியைச் செய்கின்றன. இலங்கையில் சிங்கள இளைஞர் 'மச்சாங்' என்பர். தமிழின் ஓர் உறவுச்சொல் இரு வேறு நிலங்களில், இரு வேறு மொழிகளில் நண்பனின் பெயராயிற்று.

உடன்பிறந்தானை விடுத்து மைத்துனன் ஏன் நண்பனானான் என்பது வினா. தமிழில் உடன்பிறந்தானைக் குறிக்கும் அன்றாடச் சொற்கள் அண்ணன், தம்பி என மூப்பு இளமையைச் சுட்டியே அமைகின்றன. வயது சுட்டாத 'சகோதரன்' என்பது மேடைக்கும் எழுத்துக்கும் உரியது. எனவே 'அண்ணா' என்று அழைத்த அளவிலேயே ஏற்றத்தாழ்வு உட்புகுந்துவிடும். மச்சான் அவ்வாறன்று, அவன் ஒத்த தலைமுறையினன், மணவுறவுக்கு உரிய வட்டத்தினன், கேலி பேசத் தடையற்றவன். சமத்துவமும் கேலியும் கூடிய இவ்விடமே நட்புக்குப் பொருந்திய இடமாயிற்று எனலாம். இதற்கு மாறாகப் 'பங்காளி' என்பது சொத்தில் பங்குடையவனையும் அதனால் பகைக்கத்தக்கவனையும் குறிக்கும் சொல். அதுவும் இன்று 'பங்கு' எனச் சுருங்கி இளைஞரின் நட்பு விளியாக வழங்குவது வியப்புக்குரியது.

ஆங்கிலத்தில் நண்பனை 'பிரதர்-இன்-லா' என்றால் பொருள் கெடும். 'ப்ரோ' என்பது ஓரளவு ஒக்கும். ஆயின் அது உடன்பிறப்பின் வழி வந்தது, மணவுறவின் வழி வந்ததன்று. புனைகதையை மொழிபெயர்ப்போர் 'மச்சான்' என்பதை அப்படியே விடுதல் இன்று பெருகிவருகிறது. தேர்வருக்கும் அவ்வழி திறந்தே உள்ளது. 'எங்கள் பகுதியில் நண்பனை மைத்துனனுக்குரிய சொல்லால் அழைப்போம். நான் அவனை மச்சா என்பேன். அவன் தாய்மொழி கன்னடம், ஆனாலும் அவனும் என்னை அப்படியே அழைப்பான்' என ஆங்கிலத்தில் மூன்று தொடர்களில் விளக்கிவிட்டால், அடுத்துச் சொல்ல வேண்டியவை தாமே வரும். விளியை விளிக்க இயலாவிடினும் விளியைப் பற்றிப் பேச இயலும்.

ஈண்டு மற்றொரு செய்தி. நெருங்குதலைக் குறிக்கும் 'நள்' என்னும் அடியிலிருந்து தமிழில் நட்பு, நண்பன், நட்டார் என்பன தோன்றின. இதன் இனமான கன்னட 'நண்ட' என்பது இன்று உறவினனைக் குறிக்கும். தமிழில் 'கேளிர்' என்பது சுற்றத்தாரை முதன்மையாகக் குறிக்க, அதன் இனமான கன்னட 'கெளெய' என்பது நண்பனைக் குறிக்கும். ஒன்றன் நண்பன் மற்றொன்றன் உறவினன். உறவுக்கும் நட்புக்கும் இடையே திராவிட மொழிகள் உயர்ந்த மதில் எதையும் எழுப்பவில்லை என்பதை இது காட்டும். மச்சான் கடந்து வந்தது அந்தத் தாழ்ந்த வரப்பையே.

4. பழகுதல்

தமிழில் நட்பின் வினைச்சொல் 'பழகு' என்பதாகும். இதே வினை நீச்சல் பழகுவதற்கும், மாடு வண்டிக்குப் பழகுவதற்கும் ஆகும். 'பழக்கம்' என்பது அறிமுகத்தையும் குறிக்கும், வழக்கத்தையும் குறிக்கும். நட்பு என்பது ஒரு நாளில் ஏற்படும் நிகழ்ச்சியன்று, பயிற்சியால் படிவது என்னும் கருத்து இச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. ஆங்கிலத்தில் இதற்கு ஒற்றை வினை இல்லை. தென்னிந்திய ஆங்கிலம் தானே ஒன்றை ஆக்கிக்கொண்டது: 'ஹி மூவ்ஸ் வித் எவ்ரிபடி'. எல்லோரிடமும் நன்றாகப் பழகுவான் என்பது கருத்து. இந்தியாவுக்குள் இது தெளிவாக விளங்கும் தொடர். இதனைப் பிழை என ஒதுக்குதல் பொருந்தாது. ஆனால் வேற்று நாட்டுத் தேர்வாளர் 'மூவ்' என்பதை இடப்பெயர்ச்சியாகக் கொள்ளக்கூடும். வழக்கின் தகுதி வேறு, கேட்போரை எட்டுதல் வேறு. தேர்வில் பின்னதே எண்ணப்படுகிறது.

காலங்காட்டும் முறையிலும் இத்தகைய இடர் உண்டு. 'பத்து வருஷமாப் பழகுறோம்' என நிகழ்காலத்தில் கூறுவது தமிழ் மரபு. அதன்வழி 'வீ ஆர் ஃபிரெண்ட்ஸ் சின்ஸ் டென் இயர்ஸ்' என வரும். ஆங்கிலம் இங்கு 'ஹாவ் பீன்' என்னும் வினைவடிவையும் 'ஃபார்' என்னும் முன்னுருபையும் வேண்டும். நண்பர் பற்றிய அட்டையில் 'எவ்வளவு காலமாக' என்னும் வினா எழும் வாய்ப்பு மிகுதியாதலின் இப்பிழை முதல் தொடர்களிலேயே தலைகாட்டும். அடுத்து, 'தினமும் வீட்டுக்கு வருவான்' என்பதில் உள்ள எதிர்கால வடிவம் வழக்கச்செயலைக் குறிக்கிறது. இதனை 'ஹி வில் கம் டெய்லி' என்றால் இனிமேல் வருவான் எனவே ஆங்கிலக் காது கொள்ளும். 'கஷ்டம்னா அவன்தான் முதல்ல வருவான்' என்பதன் 'தான்' இடைச்சொல் 'ஹி ஒன்லி' எனப் பெயர்க்கப்படும். ஆங்கிலமோ இவ்வழுத்தத்தைக் குரலின் ஏற்றத்தாலோ தொடரை உடைத்து அமைப்பதாலோ பெறும். இவற்றைத் தாய்மொழித் தாக்கம் என்று பெயரிட்டு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆயின் இவை குறுகிய இடத்தில் ஏன் இத்துணை நெருக்கமாக வருகின்றன என்பதே வினவத் தக்கது. நட்பைப் பேசுவது நெடுங்காலத் தொடர்ச்சியையும், திரும்பத் திரும்ப நிகழும் செயலையும், 'இவனே, பிறனல்லன்' என்னும் தனிமையையும் பேசுவதாகும். தமிழும் ஆங்கிலமும் மிகவும் விலகி நிற்கும் மூன்று இடங்கள் இவை. வேறொரு பொருளில், ஓர் ஊரையோ கட்டடத்தையோ விவரிக்கையில், இவை இவ்வளவு திரண்டு வரா.

5. 'அவங்க' மறைப்பதும் 'ஹி' திறப்பதும்

'ஃபிரெண்ட்' என்னும் ஆங்கிலச் சொல் பால் காட்டாது. தமிழ் எழுத்துவழக்கில் நண்பன், தோழி எனப் பால் காட்டியே பேச நேர்கிறது. 'தோழர்' அரசியல் வழக்கில் அமர்ந்துவிட்டமையால் அன்றாட நட்புக்கு எளிதில் உதவுவதில்லை. பேச்சில் 'ஃபிரெண்டு' என்பதே பெருவழக்கு. ஆகவே முதற்சொல்லில் சிக்கல் இல்லை. சிக்கல் இரண்டாம் தொடரில் தொடங்குகிறது.

ஸ்ரீராம்புரத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண், உடன் பணிபுரியும் ஆண் நண்பர் ஒருவரைப் பற்றி வீட்டில் பேசுகிறார் எனக் கொள்வோம். 'என் கூட வேலை செய்யற ஃபிரெண்டு ஒருத்தங்க, அவங்கதான் இந்தத் தேர்வைப் பத்திச் சொன்னாங்க' என்று கூறி முடிக்கலாம். 'அவங்க' என்னும் மரியாதைப் பன்மை ஆணா பெண்ணா என்பதை வெளியிடுவதில்லை. கன்னட 'அவரு' என்பதும் இதே போர்வையைத் தரும். மரியாதைக்கு என வந்த வடிவம் மறைப்புக்கும் உதவுகிறது. ஆங்கிலத்தில் 'ஹி' அல்லது 'ஷி' என உடனே தெரிந்தெடுத்தல் வேண்டும். ஒருமைக்கு 'தே' வழங்குவது இன்று ஏற்கப்பட்டதே. எனினும் இடையில் ஒருமுறை 'ஹி' என நழுவினால் எண்பிழையாகவே தோன்றும். 'ஹி'யும் 'ஷி'யும் மாறி மாறி வருவது தமிழரின் அறியாமை எனச் சொல்லப்படுவதுண்டு. இரு மொழிகளிலும் பால் மறைத்துப் பேசிப் பழகிய நாவுக்கு ஒவ்வொரு தொடரிலும் பால் காட்டுவது புதிய சுமை என்பதையும் உடன் எண்ணுதல் தகும்.

6. உரிமை

நட்பைக் குறித்த தமிழ்ச் சொற்களுள் மொழிபெயர்ப்பாளரை மிகவும் சோதிப்பது 'உரிமை'. 'உரிமையாக் கேட்பான்', 'உரிமையோட திட்டினான்', 'எங்க வீட்ல அவனுக்கு அவ்வளவு உரிமை' என்பன உயர்ந்த பாராட்டுகள். திருக்குறளில் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என 79 முதல் 83 வரையுள்ள ஐந்து அதிகாரங்கள் நட்புக்கு உரியன. அவற்றுள் பழைமை என்பது, நெடுநாள் நண்பர் உரிமையால் செய்வனவற்றைச் சிதைக்காமல் ஏற்றுக்கொள்ளும் பண்பினைப் பேசுவது. அங்கு 'கிழமை' எனப்பட்டதே இன்று பேச்சில் 'உரிமை'.

இதனை ஆங்கிலத்தில் 'ரைட்ஸ்' என்றால் சட்டம் வந்து புகும். 'டேக்ஸ் லிபர்ட்டீஸ்' என்றால் அத்துமீறல் என்னும் பழி வந்து புகும். தமிழ் போற்றுவதை ஆங்கிலம் தூற்றுவதாகிவிடும். 'ஃப்ரீயா மூவ் பண்ணுவான்' என்னும் கலப்புத் தொடர் இவ்விடத்தில்தான் பிறந்தது போலும்.

பெயர்ச்சொல்லைத் தேடுவதை விடுத்து நிகழ்ச்சியைக் கூறுதலே இங்குப் பயன் தரும். நண்பன் வீட்டுக்கு வந்தால் கேளாமலே சமையலறைக்குள் செல்வான்; பானையைத் திறந்து பார்ப்பான்; என் தாயிடம் 'இன்னிக்கு உப்புக் கம்மி' என்பான்; நான் அப்படிச் சொன்னால் தாய் சினப்பாள், அவன் சொன்னால் சிரிப்பாள். இதனைப் பள்ளி ஆங்கிலத்தில் கூற இயலும். அருஞ்சொல் எதுவும் தேவையில்லை. வினைகள் வழக்கச்செயலைக் காட்டும் நிகழ்காலத்தில் இயல்பாக அமையும். தாயும் நண்பனும் மகனும் ஆகிய மூவர் வருதலால் பெயர்ச்சுட்டுகளும் தெளிவாகத் தனித்து நிற்கும். ஒப்பீடு ஒன்று வருதலால் தொடரமைப்பு விரியும். மதிப்பீட்டாளர் தேடும் இலக்கண வீச்சு இவ்வாறு வருவதே தவிர, 'தேவைக்கு உதவும் நண்பனே நண்பன்' என்னும் தேய்ந்த ஆங்கிலப் பழமொழியை இடையில் செருகுவதால் வருவதன்று.

தமிழ்ப் பேச்சில் பிறர் கூற்றை 'என்று' கொண்டு நேர்க்கூற்றாகவே தருவது மரபு. 'ஏண்டா கவலைப்படுறேன்னு கேட்டான்' என்பது போல. இதனை அயற்கூற்றாக மாற்ற முயலும் தேர்வர் 'ஹி ஆஸ்க்ட் ஒய் ஆர் யூ வொரியிங்' எனப் பாதி மாற்றத்தில் நின்றுவிடுவார். மாற்றத் தேவையில்லை. சிறு நிறுத்தம் தந்து நண்பனின் சொற்களை நேர்க்கூற்றாகவே சொல்வது ஆங்கிலப் பேச்சிலும் இயல்பானது. தமிழ் தந்த பழக்கம் தடையாகாமல் துணையாகும் இடங்களுள் இது ஒன்று. பயிற்சி நூல்கள் அயற்கூற்று மாற்றத்துக்குத் தரும் பக்கங்களில் சிலவற்றை இதற்கு ஒதுக்கலாம்.

7. முதல் வினா

'எப்போது, எவ்வாறு சந்தித்தீர்கள்?' என்பதை அட்டை பெரும்பாலும் தொடக்கத்திலேயே கேட்கும். இவ்வினா ஒரு முற்கோளை உடையது: நட்புக்கு ஒரு தொடக்க நாள் உண்டு, அது நினைவில் இருக்கும் என்பது. புதிய மனிதரைத் தெரிந்தெடுத்து நட்புக்கொள்ளும் வாழ்க்கைக்கு அது பொருந்தும். ஒரே தெருவில், ஒட்டிய சுவர்களை உடைய வீடுகளில் பிறந்து வளர்ந்த இருவருக்கு அத்தகைய நாள் இராது. 'ஐ நோ ஹிம் ஃபிரம் சைல்ட்ஹுட்' என்று தேர்வர் ஒரு தொடரில் முடித்துவிடுவது அதனால்தான். சொல்லத் தெரியாமையால் அன்று, சொல்ல ஒரு நிகழ்ச்சி இல்லாமையால். சந்திப்பை இட்டுக்கட்டுவது ஒரு வழி. தேர்வின் விதிகள் அதைத் தடுப்பதில்லை. 'நாங்கள் சந்தித்த நாள் என்று ஒன்றில்லை. எங்கள் தாய்மார் ஒரே குழாயடியில் நீர் பிடித்தவர்கள்' என வினாவையே விடையாக்குவது மற்றொரு வழி. பின்னது மொழியளவிலும் வளமானது.

கூடியிருத்தலும் பழகுதலும் இன்றியே ஒத்த உணர்ச்சி நட்பின் உரிமையைத் தரும் என்பது குறளின் கருத்து. உரைமரபு இதற்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் சான்று காட்டும். சோழன் உறையூரில், புலவர் பாண்டிய நாட்டுப் பிசிரில். ஒருவரையொருவர் காணாமலே வளர்ந்த அந்நட்பில், சோழன் வடக்கிருந்தபோது புலவருக்கென இடம் ஒதுக்கச் சொன்னான். புலவரும் வந்து வடக்கிருந்தார். தேர்வின் மூன்றாம் பகுதியில், நட்புக்கு நேரில் பழகுதல் இன்றியமையாததா என்று தேர்வாளர் பொதுநிலையில் வினவும்போது எடுத்துரைக்கத் தக்க செய்தி இது. அதனை அறிந்திருந்தும், தமிழ் வகுப்பில் படித்தது ஆங்கிலத் தேர்வுக்கு ஆகாது என எண்ணித் தேர்வர்கள் சொல்லாது விடுகின்றனர்.